தலையாட்டினால் போதும்

"யாருங்க இந்தக் குழந்தையைத் தூங்க வெச்சது?"

மோகனாவின் குரல் ஒன்றும் பெரிய குரல் இல்லை. ஆனாலும் ஸ்கேன் அறைக்கு வெளியே அந்தச் சின்னக் கூடத்தில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். தூங்கிக்கொண்டிருந்த குழந்தையும் கண்ணைத் திறந்து பார்த்தது. வினையே அதுதான்.

குழந்தையைத் தோளில் சாய்த்து வைத்திருந்தவன் எழுந்து நின்றான். உயரமான ஆள். கம்பெனி பெயர் போட்ட நீலச் சட்டை. முகத்தில், பரிசு வாங்க மேடையேறுகிறவனின் சிரிப்பு.

"நான்தான் சிஸ்டர். ஒரே அழுகை. அக்காவ பால் குடுக்கச் சொல்லி, தோள்ல போட்டுக்கினு ஒரு நட நடந்தேன். தூங்கிட்சி. அப்படியே உள்ள வெச்சி எடுத்துடலாம் இல்ல?"

"மொதல்ல, நான் சிஸ்டர் இல்ல. டெக்னீஷியன். ரெண்டாவது, போன்ல நான் இன்னா சொன்னேன்?"

கோபம் வந்தால் மோகனாவுக்குச் சொந்த ஊர் வாலாஜாபேட்டைப் பேச்சு தானாக நாக்கில் வந்து உட்கார்ந்துவிடும்.

"பசியோட... முழிச்சிக்கினு வரணும்னு..." அவன் சிரிப்பு ஒரு பக்கமாகச் சரிந்தது.

"அப்ப தெரிஞ்சேதான் செஞ்சிருக்கீங்க! ஒரு அப்பாவுக்கு இது கூடவா புரியாது?"

"நான் அப்பா இல்லீங்க. மாமன்."

குழந்தையைத் தூக்கிக்கொண்டு வரும் ஆம்பளை எல்லாரும் அந்தப் பிரிவில் 'அப்பா'தான். பேர் கேட்டு உறவு கேட்டுக்கொண்டிருக்க அங்கே யாருக்கு நேரம்? இருந்தாலும் மாமன் என்று அவன் சொன்ன தோரணையில் ஏதோ ஒரு கர்வம் இருந்தது. தப்பு செய்துவிட்டு நிற்கிறவனுக்கு இத்தனை கர்வம் ஆகாது என்று மோகனாவுக்கு இன்னும் எரிச்சல்.

மூன்று மாதம்கூட ஆகாத குழந்தைக்கு எம்.ஆர்.ஐ எடுப்பது லேசான காரியமில்லை. அசையாதே என்றால் அதற்குப் புரியுமா? மயக்க மருந்து கொடுக்கலாம்தான். ஆனால் அவ்வளவு சின்ன உடம்புக்கு அதைத் தவிர்க்க முடிந்தால் தவிர்ப்பதே நல்லது. ஆகவே மோகனா வேலை பார்த்த அந்த வேலூர் ஆஸ்பத்திரியில் ஒரு வழி வைத்திருந்தார்கள். குழந்தை பால் குடிக்காமல், தூங்காமல் வந்து சேர வேண்டும். ஸ்கேன் அறைக்குப் பக்கத்திலேயே அம்மா வயிறு நிறையப் பால் கொடுப்பாள். பிறகு கை காலைச் சேர்த்து மெத்தென்ற துணியில் சுற்றிவிட்டால், பசியும் களைப்பும் தீர்ந்த குழந்தை இடி இடித்தாலும் எழுந்திருக்காது. அந்த ஒரு தூக்கத்துக்குள் படத்தை எடுத்துவிட வேண்டும். அந்த ஒரு தூக்கத்தைத்தான் இந்த மாமன் வெளிக்கூடத்திலேயே செலவழித்துத் தொலைத்திருந்தான்.

"பச்ச புள்ளய இப்படிக் கதற விடறியே, நீயெல்லாம் ஒரு மாமனான்னு அந்தம்மா கேட்டாங்க..." என்று மூலையைக் காட்டினான். மூலையில் இருந்த அம்மாள் அவசரமாக ஜன்னலைப் பார்க்க ஆரம்பித்தார்.

"யார் கேட்டாலும் இன்னா? குழந்த அழுதா உங்களுக்குத் தாங்காது. படம் கெட்டா மட்டும் தாங்குமா?"

பக்கத்தில் ஒடுங்கி உட்கார்ந்திருந்த அவன் அக்கா சுந்தரி, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அதைப் பார்த்ததும் மோகனா குரலைத் தணித்தாள். குழந்தைக்கு முதுகுத் தண்டின் அடியில் ஒரு சின்னக் குழி. அதைச் சுற்றி மெல்லிய முடிக்கற்றை. முதுகுக்குள் ஓடும் நரம்புத் தண்டு அந்த இடத்தில் ஒட்டிக்கொண்டிருக்குமோ என்று டாக்டருக்குச் சந்தேகம். ஒட்டியிருந்தால், குழந்தை வளர வளர நரம்பு இழுபட்டு, கால் பலம் போகும், சிறுநீர் கட்டுப்பாடு போகும். அதனால் காலம் தாழ்த்தாமல் பார்த்தாக வேண்டும். 'நடப்பாளா?' என்று தெரிந்துகொள்ளத்தான் இவர்கள் மாதனூரிலிருந்து விடியலில் கிளம்பி வந்திருக்கிறார்கள். பாவம்... சுந்தரி எத்தனை நாள் தூங்கவில்லையோ.

எதற்கும் முயன்று பார்ப்போம் என்றுதான் மோகனா தொடங்கினாள். குழந்தையின் அரைஞாண் கயிறு, கறுப்பு வளையல், கழுத்தில் தொங்கிய தாயத்து, ஒவ்வொன்றாகக் கழற்றி மாமன் கையில் போட்டாள். காந்தத்துக்குப் பக்கத்தில் ஒரு பொட்டு உலோகம் போகக் கூடாது. அவன் உள்ளங்கையை அர்ச்சனைத் தட்டு மாதிரி நீட்டிக்கொண்டே நின்றான். நகக்கண்களில் தோல் சாயம். விரல்களில் மெல்லிய பசை வாசனை.

குழந்தை தூங்கவில்லை. கொட்டக் கொட்ட விழித்தது. எந்திரம் டக் டக் என்று முழங்க ஆரம்பித்ததும், காதில் வைத்த பஞ்சு மூடி வழுக்கி விழுந்து, உடம்பு தூக்கிவாரிப் போட்டு வீறிட்டது. திரையில் முதுகெலும்பு தண்ணீரில் கரைந்த கோலமாய்த் தெரிந்தது. இரண்டாம் முறையும் அதே கதை.

"இவ்ளோ சின்ன தலைக்கு இந்தக் காது மூடி நிக்கவே மாட்டேங்குது..." என்று மோகனா தனக்குள் முணுமுணுத்தபடி குழந்தையை வெளியே கொண்டுவந்தாள். "அடுத்த வாரம் ஒரு நேரம் போட்டுத் தர்றேன். அன்னிக்கும் இப்படி ஆச்சுன்னா மயக்க மருந்துதான்."

மயக்க மருந்து என்றதும் சுந்தரியின் முகம் வெளுத்தது. அவள் தம்பியின் முகத்தில் ஈயாடவில்லை.

*

சாயங்காலம் மழை. வேலூர் மழைக்கு ஒரு குணம் உண்டு, வந்தால் அடித்து ஊற்றும், இல்லாவிட்டால் எட்டிக்கூடப் பார்க்காது. அன்று ஊற்றியது. மோகனா கைப்பையைத் தலைக்குப் பிடித்துக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு ஓடினாள். அங்கே... அதே நீலச் சட்டை.

ஒரே ஒரு குடை. அதை அக்காவுக்கும் குழந்தைக்கும் மேலாகப் பிடித்துக்கொண்டு, தான் முழுக்க நனைந்தபடி நின்றிருந்தான். தலைமுடி நெற்றியில் ஒட்டியிருந்தது. இமைகளில் மழைத்துளி நின்றது. ஆம்பளைக்கு எதற்கு இத்தனை நீள இமை என்று மோகனா நினைத்தாள். நினைத்ததும் தன் மேலேயே கோபப்பட்டுக்கொண்டாள்.

அவன் அவளைப் பார்த்துவிட்டான்.

"சிஸ்... டெக்னீஷியன் மேடம்!"

"அந்தக் குடைக்குள்ள நீங்களும் கொஞ்சம் நுழைஞ்சா இன்னாவாம்?"

"மூணு பேருக்கு எடம் பத்தாது. நான் தோல் கம்பெனி ஆளு மேடம். நனஞ்சா காஞ்சிடுவேன், கெட்டுப் போவ மாட்டேன்."

சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்தாள். பயனில்லை, சிரித்துவிட்டாள். அவனும் சிரித்தான். இம்முறை பரிசு வாங்குகிற சிரிப்பு இல்லை, மன்னிப்புக் கேட்கிற சிரிப்பு.

பேர் பரணிதரன். ஆம்பூர்ப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில், பதப்படுத்திய தோலை விளக்கு வெளிச்சத்தில் விரித்துப் பார்த்துத் தரம் பிரிக்கிற வேலை. அக்காவின் புருஷன் ஓசூரில் இருக்கிறார், லீவு கிடைக்கவில்லை. பிரசவம் தாய்வீட்டில். ஆகவே எல்லாம் மாமன் தலையில். குழந்தைக்கு இன்னும் பேர்கூட வைக்கவில்லை. கால் நன்றாக இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் பேர் என்று அக்கா பிடிவாதமாக இருக்கிறாள். கேட்காமலே எல்லாவற்றையும் சொன்னான்.

"மேடம், ஒண்ணு கேக்கவா? மாதனூர்லேருந்து இங்க வர்ற வரைக்கும் பஸ்ஸுல ஒரு கொழந்தய தூங்காம எப்படி வெக்கறது? வண்டி ஆடினாலே கண்ணு சொக்குதே."

"முகத்தப் பாத்துப் பேசிக்கினே வாங்க. அவங்களுக்கு முகம்னா ரொம்ப இஷ்டம். பேச்ச மட்டும் நிறுத்தாதீங்க. உங்களுக்கு அது ஒண்ணும் கஷ்டம் இருக்காதுன்னு நெனைக்கறேன்."

சுந்தரி முதல் முறையாகச் சிரித்தாள். "நல்லா சொன்னீங்க!" என்றாள்.

வாலாஜா பஸ் வந்தது. மோகனா ஏறி, ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, திரும்பிப் பார்க்கக் கூடாது என்று முடிவு செய்தாள். பஸ் நகர்ந்ததும் திரும்பிப் பார்த்தாள். அவன் குடையை இன்னும் கொஞ்சம் அக்கா பக்கமாகச் சாய்த்துக்கொண்டிருந்தான்.

*

அடுத்த வாரம் வந்தபோது பரணிதரனுக்குத் தொண்டை சுத்தமாகப் போயிருந்தது.

"இன்னா ஆச்சு குரலுக்கு?"

"பேசிக்கினே வரச் சொன்னீங்களே..." காற்றுதான் வந்தது. "எங்க கம்பெனில யார் யாரு, கேன்டீன்ல இன்னா போடறாங்க, சூப்பர்வைசர் சமீருல்லா பாய் எப்படித் திட்டுவாரு... எல்லாம் சொல்லிட்டேன். இவளுக்கு எங்க செக்‌ஷன் மொத்தமும் தெரியும் மேடம்."

"பஸ்ஸுல பக்கத்து சீட்டுக்காரரு எறங்கி வேற பஸ் ஏறிட்டாரு," என்றாள் சுந்தரி.

குழந்தை விழித்திருந்தது. அழுகை, பசி, களைப்பு எல்லாம் சேர்ந்து கண் சிவந்து, ஆனால் விழித்திருந்தது. மோகனாவுக்கு அந்த ஆளின் மேல் திடீரென்று ஒரு பிரியம் பொங்கியது. அதை அவசரமாக உள்ளே தள்ளி மூடினாள்.

சுந்தரி பால் கொடுக்க உள்ளே போனதும் அவன் பையிலிருந்து எதையோ எடுத்து நீட்டினான். உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு குல்லாய். ஷூவின் உள்பக்கம் வைத்துத் தைக்கிற ஆட்டுத்தோல், பூ மாதிரி மெல்லியது. காது வரும் இரண்டு இடத்திலும் பஞ்சு வைத்துத் தைத்திருந்தது. தாடைக்குக் கீழே மாட்ட ஒரு பட்டை.

"காது மூடி நிக்கலன்னு அன்னிக்கு சொன்னீங்களே. மீந்த துண்டுல தெச்சது. அளவு அக்கா புள்ள தலையிலேயே எடுத்தேன்."

மோகனா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவ்வளவு சின்ன தையல். தான் முணுமுணுத்த ஒரு வார்த்தையை ஒருத்தன் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போய்... மனசு நெகிழ்ந்தால் அவள் வேலையில் இறங்கிவிடுவாள். கைக்காந்தத்தை எடுத்துக் குல்லாயின் மேல் ஓட்டினாள். தாடைப் பட்டை சட்டென்று எழும்பி ஒட்டிக்கொண்டது.

"டிச் பட்டனா?"

"ஆமா... மாட்டிக் கழட்ட ஈசியா இருக்கும்னு..."

"அரைஞாண் கயித்த நான் எதுக்குக் கழட்டினேன்? காந்தம் கிட்ட உலோகம் போகக் கூடாதுன்னுதான? அன்னிக்கு எல்லாத்தையும் உங்க கையிலதான போட்டேன்!"

பரணிதரன் தலையில் கை வைத்துக்கொண்டான். "பட்டன் வெக்காம ஒரு பொருள வெளிய அனுப்பினா எங்க கம்பெனில பாஸ் பண்ண மாட்டாங்க மேடம். கை தன்னால வெச்சிட்சி."

பாவமாகவும் இருந்தது, சிரிப்பாகவும் இருந்தது. கத்திரிக்கோல் கொண்டுவந்து பட்டனை வெட்டி எறிந்தார்கள். அந்த இடத்தில் இரண்டு துணி நாடாவை அவனே பல்லைக் கடித்துக்கொண்டு தைத்தான். மறுபடி காந்தம். ஒட்டவில்லை. குழந்தைகளின் ஸ்கேனுக்குப் பொறுப்பான டாக்டர் மெர்சி வந்து குல்லாயை விரலால் தடவிப் பார்த்து, "வழக்கமான காது மூடிய வெச்சிட்டு, அது நகராம இருக்க இத மேல கட்டிப் பாருங்க" என்றார்.

பால் குடித்து, சுற்றிக் கட்டி, குல்லாய் போட்ட குழந்தை, எந்திரத்துக்குள் போனது. டக் டக் டக்... ட்ரூம்... அது அசையவே இல்லை. வாய் மட்டும் கனவில் பால் குடித்தது.

படம் கண்ணாடி மாதிரி வந்தது.

மோகனா திரையைப் பார்த்தாள். முதுகெலும்பின் அடுக்குகள். நடுவே நரம்புத் தண்டு. அது எங்கே முடிய வேண்டுமோ அங்கே முடியவில்லை. இன்னும் கீழே இறங்கி, அடியில் வெள்ளையாக மின்னிய ஒரு சின்னக் கொழுப்புக் கட்டியோடு ஒட்டிக்கொண்டிருந்தது. அவள் விரல்கள் ஒரு நொடி விசைப்பலகையில் நின்றன. அப்புறம் மீதிப் படங்களை எடுத்து முடித்தாள்.

*

படிக்கிற காலத்தில் கூடப் பயிற்சியில் இருந்த ஒரு பெண், ஒரு தாயிடம் நல்ல மனசோடு "ஒண்ணும் இல்லம்மா" என்று சொல்லிவிட்டாள். அந்தக் குடும்பம் ரிப்போர்ட் வாங்கப் பல மாதம் வரவே இல்லை. வந்தபோது காலம் கடந்திருந்தது. படம் எடுப்பவர் படம் படிப்பவர் ஆகக் கூடாது என்று அன்று மோகனா கற்றுக்கொண்டாள். அதிலிருந்து ஸ்கேன் முடிந்து கதவைத் திறக்கும் முன் முகத்தைத் துடைத்து வைத்துக்கொள்வாள். நல்லதும் தெரியாது, கெட்டதும் தெரியாது.

அந்த முகத்தோடுதான் வெளியே வந்தாள். பரணிதரன் காத்திருந்தான்.

"படம் வந்துட்சா மேடம்?"

"நல்லா வந்திருக்கு. குழந்த அசையவே இல்ல."

"இன்னா தெரிஞ்சிது?"

"ரிப்போர்ட் டாக்டர்தான் சொல்வாங்க."

"அது சரி... நீங்க பாத்தீங்க இல்ல?"

"பாத்தேன்."

"நல்லதா, கெட்டதா? வாயால சொல்ல வேணாம். தலையாட்டினா போதும்."

அவள் ஆட்டவில்லை. ஆட்டக் கூடாது. அந்த நீள இமைக் கண்கள் அவள் முகத்தில் எதையாவது படித்துவிட முடியுமா என்று தேடின. எதுவும் கிடைக்கவில்லை.

"நாங்களும் இதே வேலதான் பாக்கறோம் மேடம்," அவன் உடைந்த குரல் இன்னும் உடைந்தது. "தோல வெளிச்சத்துல விரிச்சி, தழும்பு எங்க, பூச்சிக்கடி எங்கன்னு பாப்போம். கண்டதும் சாக்பீஸால ஒரு சுத்து. அடுத்தவன் ஏமாறக் கூடாதுன்னு. நீங்க கண்ணால கண்டும் வாயத் தொறக்க மாட்டீங்க. எங்கக்கா உள்ள உசுரக் கையில புடிச்சிக்கினு கெடக்கறா... அந்த மெஷினோடவே இருந்து இருந்து..."

முடிக்கவில்லை. முடிக்காததுதான் அதிகமாகச் சுட்டது.

மோகனாவுக்கும் ரோஷம் உண்டு. "புள்ளயும் தோலும் ஒண்ணு இல்ல," என்றாள். "வெளிய ஒக்காருங்க. அடுத்த குழந்த காத்துக்கினு இருக்கு."

அவன் போய்விட்டான். திரும்பிப் பார்க்கவில்லை.

மத்தியானம் நர்ஸ் நசீமுன்னிசா டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு கூப்பிட்டாள். அந்தப் பிரிவில் மோகனாவுக்கு அக்கா மாதிரி அவள்.

"சாப்பிடல?"

"நான் செஞ்சது தப்பாக்கா?"

"சொல்லாதது தப்பில்ல. 'கொஞ்சம் பொறுங்க, டாக்டர்கிட்ட இன்னிக்கே பேசறேன்'னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம். அதுக்கு எந்த சட்டமும் குறுக்க நிக்கல."

உண்மை. ரோஷம்தான் குறுக்கே நின்றது. மோகனா தன் டிபன் பாக்ஸைத் திறக்காமலே எழுந்து டாக்டர் மெர்சியின் அறைக்குப் போனாள். ரிப்போர்ட் வழக்கமாக மறுநாள்தான். அவர் மேஜை மேல் படங்கள் வரிசையில் இருந்தன. மோகனா அவர் நாற்காலிக்குப் பின்னால் நின்றாள். நின்றுகொண்டே இருந்தாள். கடைசியில் டாக்டர் பொறுக்க முடியாமல் சிரித்து, "சரி, அந்தப் படத்த மொதல்ல தெற" என்றார்.

அன்று சாயங்காலமே சுந்தரியையும் தம்பியையும் அறுவைசிகிச்சை டாக்டர் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசினார். நரம்பு ஒட்டியிருக்கிறது. இப்போதே தெரிந்தது நல்லது. ஆபரேஷன் செய்து விடுவித்துவிடலாம்.

*

ஆபரேஷன் நடந்த அன்றும், மறுநாளும் மோகனா வார்டுப் பக்கம் போனாள். கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்தாள். குழந்தை குப்புறப் படுத்திருந்தது. பரணிதரன் தலைமாட்டில் குனிந்து ஏதோ பேசிக்கொண்டிருந்தான். கம்பெனிக் கதைதானோ என்னவோ. அவன் நிமிர்ந்தான். கண்கள் சந்தித்தன. உடனே அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

இன்னும் கோபம் தீரவில்லை போல... அவள் வந்த வழியே திரும்பினாள். நான் ஏன் போனேன்? எத்தனை குழந்தைகளுக்குப் படம் எடுக்கிறேன், எல்லா வார்டுக்குமா போகிறேன்? என்றெல்லாம் தன்னையே கேட்டுக்கொண்டாள். பதில் தெரிந்த கேள்விகள்தான் அவை.

வீட்டில் அப்பா கன்னியப்பன் இரண்டு வரன் சொன்னார். இரண்டையும் வேண்டாம் என்றாள். ஏன் என்று கேட்டதற்கு, "சும்மாதான்" என்றாள். சும்மா ஒன்றும் இல்லை. மழை பெய்யும் போதெல்லாம் பஸ் நிறுத்தத்தில் நீலச் சட்டைகளை எண்ணிக்கொண்டிருந்தாள் மகராசி.

மாதங்கள் போயின. ஒரு நாள் காலை கூடத்தில் பெரிய சத்தம். "ஏய், ஓதைக்காதடி!" சுந்தரியின் குரல்.

மோகனா வெளியே வந்தாள். சுந்தரி மடியில் கொழுகொழுவென்று ஒரு குழந்தை, எதிரே நின்ற மாமன் வயிற்றில் இரண்டு காலாலும் மாறி மாறி உதைத்துக்கொண்டிருந்தது. அவன் ஒவ்வொரு உதைக்கும் "அப்பாடி" என்று கத்தி விழுகிற மாதிரி நடித்துக்கொண்டிருந்தான். அந்த உதையைப் பார்த்ததும் மோகனாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. துடைத்து வைத்த முகமெல்லாம் அன்றைக்குச் செல்லுபடியாகவில்லை.

சிறுநீரகமும் சிறுநீர்ப்பையும் நன்றாக இருக்கிறதா என்று பார்க்க வந்திருந்தார்கள். டாக்டர் மெர்சியே குழந்தையின் வயிற்றில் கருவியை வைத்துப் பார்த்து, அங்கேயே சொன்னார், எல்லாம் நன்றாக இருக்கிறது என்று. சுந்தரி வெளியே வந்து மோகனாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பிறகு குழந்தைக்குப் பால் கொடுக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டு, பாலுக்கு அழாத குழந்தையைத் தூக்கிக்கொண்டு, தம்பியைத் தனியாக விட்டுவிட்டு நகர்ந்தாள். அக்காக்களுக்குச் சில விஷயங்கள் சொல்லித் தர வேண்டியதில்லை.

பரணிதரன் ஒரு பையை நீட்டினான். உள்ளே குல்லாய்கள். சின்னது, அதைவிடச் சின்னது, எலுமிச்சம்பழத் தலைக்கு ஒன்று.

"எதுலயும் பட்டன் இல்ல. எல்லாத்துக்கும் நாடாதான்," என்றான்.

"ஏன் இத்தன நாளா வரல?" கேட்கக் கூடாது என்று வைத்திருந்த கேள்வி, முதலில் அதுதான் வந்தது.

"எந்த மூஞ்ச வெச்சிக்கினு வர்றது? ஆபரேஷன் ஆன அன்னிக்கு டாக்டரம்மா சொன்னாங்க. 'மோகனா சாப்பிடாமக் கொள்ளாம என் நாற்காலிக்குப் பின்னால நின்னா, அதான் அன்னிக்கே ரிப்போர்ட்'னு. நான் உங்கள மெஷினுன்னு சொன்னவன்."

"சொல்லலியே. பாதியிலேயே நிறுத்திட்டீங்க."

"மீதி எனக்குத் தெரியுமே. வார்டுல கண்ணாடி வழியா பாத்தீங்க. நிமிந்து பாக்க வெக்கமா இருந்தது. திரும்பிக்கினேன்."

"நான் கோவம்னு நெனச்சேன்."

"என் மேல எனக்குத்தான் கோவம்."

வெளியே மழை பிடித்துக்கொண்டது. ஜன்னல் கண்ணாடியில் தாரை தாரையாக வழிந்தது.

"வர்ற ஞாயித்துக்கெழம பேரு வெக்கறோம்," என்றான் அவன். "நீங்க வரணும். அக்கா ஒரு பேரு சொன்னா. உங்க பேரு."

"என் பேரா?"

"ஆமா. மோகனான்னு வெக்கணும்னு ஒத்தக் கால்ல நின்னா. நான் ஒத்துக்கல."

அவள் முகம் சுருங்கியது. "ஏன்... நல்லா இல்லையா?"

"பேருக்கு இன்னா கொற? ஆனா..." அவன் குல்லாய்ப் பையின் காதைத் திருகினான். "புள்ள லீவுக்கு எங்க வூட்டுக்குதான வரும். ஒரே வூட்ல ரெண்டு மோகனா இருந்தா... யாரக் கூப்பிடறேன்னு தெரியாம பேஜாராய்டும்."

மோகனாவுக்குப் புரிய ஒரு நொடி ஆனது. புரிந்ததும் காது வரை சூடேறியது. பின்னாலிருந்து நசீமுன்னிசாவின் இருமல் கேட்டது. இருமலே இல்லாதவள் அவள்.

"எங்கப்பா லேசுல மசிய மாட்டாரு," என்றாள் தரையைப் பார்த்தபடி.

"கைக்கொழந்தய மாதனூர்லேருந்து தூங்காம கூட்டியாந்தவன் நான். உங்கப்பாகிட்ட பேசியே ஒத்துக்க வெச்சிடுவேன். தொண்ட போனா போவுது." அவன் குரல் தணிந்தது. "அவரு அப்புறம். மொதல்ல நீங்க சொல்லுங்க. நல்லதா, கெட்டதா?"

அவள் நிமிர்ந்தாள். முகத்தை நன்றாகத் துடைத்து வைத்துக்கொண்டாள். "ரிப்போர்ட் டாக்டர்தான் சொல்வாங்க."

அவன் முகம் அப்படியே விழுந்துவிட்டது. பார்க்கப் பாவமாக இருந்தது. இதற்கு மேல் இந்த ஆளை வதைக்கக் கூடாது என்று அவளுக்குத் தோன்றியது.

"உங்கள எனக்குப் புடிச்சிருக்கு," என்றாள். "குடைய அக்காவுக்குக் குடுத்துட்டு நனஞ்சிக்கினு நின்னீங்களே, அன்னிக்கே புடிச்சிட்சி."

அவனுக்கு நம்பிக்கை வரவில்லை. அத்தனை பேச்சுக்காரனுக்கும் வாய் அடைத்துப்போய், உதடு மட்டும் அசைந்தது. "நெஜமாவா?"

மோகனா தலையாட்டினாள். அன்றைக்கு அவன் கேட்டு, அவள் தராமல் வைத்திருந்த தலையாட்டல். ஒரு தடவை போதுமென்றுதான் அவன் கேட்டிருந்தான். அவள் இன்னொரு தடவையும் ஆட்டினாள்.